வள்ளத்துக்கு ஒரு பங்கு

கரவெட்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். "உங்கள் தொடர்கதையில் அருந்ததி ரீச்சரைக் கிழமைக்குக் கிழமை இப்படிப் போட்டு வதைக்கிறீர்களே, உங்கள் வீட்டில் பெண்பிள்ளைகள் இல்லையா?" என்று கேட்கிறார். இருக்கிறார்கள், அம்மா. அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன்.

இந்தக் கிழமையும் உங்களுக்குத் தர என்னிடம் நல்ல செய்தி இல்லை. தாள் தட்டுப்பாட்டில் கொப்பித் தாளில் அச்சாகிற பத்திரிகை இது. பழைய கதையை நீட்ட இடமில்லை. புதிதாக வாசிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அருந்ததி பண்டத்தரிப்பில் வயல் செய்கிற கமக்காரக் குடும்பத்துப் பெண். குருநகர்க் கடற்கரையோரம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணித ரீச்சர். கணவர் பஞ்சலிங்கம் மாஸ்டரும் கணக்குக்காரர்தான். காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூட்டரி. ரியூட்டரி உங்களுக்குத் தெரியும்தானே? கிடுகுக் கொட்டிலுக்குள் நீள மர வாங்குகளில் பிள்ளைகள் நெருங்கியிருந்து, மூச்சுக் காட்டாமல் கரும்பலகையைப் பார்த்து எழுதுவார்கள்.

அருந்ததியின் வகுப்பு வேறு மாதிரி. பல்கலைக்கழகக் கம்பஸில் பின்னேர வகுப்புக்குப் போய்க் கல்வியியல் படித்த காலத்தில் அவளுக்கு ஒரு கொள்கை பிடித்துக்கொண்டது. குழந்தை பேச்சைப் பழகுவது போலத்தான் கணக்கையும் பழகும். சுற்றியிருக்கிறவர்களோடு கூடிச் செய்து, வாய்விட்டுக் கதைத்து, பிழைவிட்டுத் திருத்தித்தான் அது உள்ளே இறங்கும். வீட்டில் தெரிந்ததைப் பள்ளிக்கூட வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்று பிள்ளைக்குச் சொல்லக்கூடாது. இதுதான் அவளுடைய கொள்கை.

ஆகவே மேசைகளை வட்டமாக இழுத்துப் போட்டாள். பிள்ளைகள் கூடியிருந்து, சண்டை பிடித்துக் கணக்குச் செய்தார்கள். கணக்கென்றால் காய்ச்சல் வருகிற பிள்ளைகள் கணக்குப் பாடத்துக்காகவே பள்ளிக்கூடம் வந்தார்கள். அவர்களுக்குள் முன்னுக்கு நின்றவள் யசிந்தா. விளங்காத பிள்ளையை விளங்கும்வரை விடமாட்டாள். கணிதம் பாஸ் பண்ணினால் நேர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பம் போடலாம் என்று காத்திருந்தாள்.

சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தது. அருந்ததியின் பிள்ளைகள் எல்லோருக்கும் கணிதம் மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஒரே கேள்விக்கு எல்லோரும் ஒரே பிழையை ஒரே சொற்களில் எழுதியிருந்தார்களாம்.

கேள்வி இதுதான். நான்கு மீனவர் ஒரு வள்ளத்தில் சென்று பிடித்த மீனைத் தமக்குள் சமமாகப் பங்கிட்டனர். ஒருவர் தன் பங்கில் பாதியைத் தங்கைக்குக் கொடுத்தார். தங்கைக்குக் கிடைத்தது முழுவதில் எத்தனையில் ஒன்று?

எட்டில் ஒன்று என்று நீங்களும் நானும் சொல்லுவோம். குருநகர்ப் பிள்ளைகள் பன்னிரண்டில் ஒன்று என்று எழுதினார்கள். ஆட்கள் நாலு பேர், பிறகு "வள்ளத்துக்கு ஒண்டு, வலைக்கு ஒண்டு." ஆக மொத்தம் ஆறு பங்கு. அந்தக் கரையில் பங்கு பிரிக்கிற முறை அது. வள்ளத்துக்கும் வலைக்கும் வைக்காமல் பிரிக்கிறவனை அங்கே கள்ளன் என்பார்கள்.

இனி, அருந்ததிக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். அந்த விடைத்தாள்களைத் திருத்தி, "பார்த்தெழுதியிருக்கிறார்கள்" என்று முறைப்பாடு எழுதியவர் பஞ்சலிங்கம் மாஸ்டர். விடைத்தாளில் பெயர் இராது, பள்ளிக்கூடமும் இராது, சுட்டெண் மட்டும்தான் இருக்கும். பெறுபேறு வந்த அன்றுதான் அவருக்கு விளங்கியது. அன்றிலிருந்து மனுசன் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இன்று பரீட்சைத் திணைக்களத்தின் விசாரணை.

* * *

"இஞ்சருங்கோ, புட்டு மூடி வைச்சிருக்கிறன். நான் வெளிக்கிடுறன்."

பஞ்சலிங்கம் முற்றத்தில் அவளுடைய சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். சில்லில் ஏற்கெனவே காற்று நிறைய இருந்தது.

"நானும் வாறன்," என்றார்.

"நீங்களோ? ஏன்?"

"ஏன் தனியப் போறீர்? நான் வெளியிலை நிக்கிறன்."

அருந்ததிக்குக் கண் கலங்கிவிட்டது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவளுடைய வகுப்பைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மனிதர், இன்றைக்குத் துணைக்கு வருகிறேன் என்கிறார். பாவம், அவளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

"நீங்கள் அப்பவே சொன்னனீங்கள்," என்றாள். "சந்தை மாதிரிக் கூடியிருந்து கதைக்கிறது படிப்பில்லை எண்டு."

"சோதினை மண்டபத்திலை ஒரு மேசைக்கு ஒரு ஆள்தானே, அருந்ததி. அதைத்தான் சொன்னனான்."

"அதுகள் மேசையிலை தனியத்தான் இருந்ததுகள். ஒவ்வொருத்தியின்ரை தலைக்குள்ளையும் மற்றவை எல்லாரும் இருந்தவை. அது குற்றமாப் போச்சு."

அவர் பம்பின் பிடியைத் திரும்பவும் அமுக்கினார்.

"ஆரோ ஒரு மாஸ்டர் திருத்திப்போட்டு எழுதியிருக்கிறார். அந்த ஆளை ஒருக்கால் எனக்குக் காண வேணும். குருநகரிலை மீன் பங்கு பிரிக்கிறதை ஒரு நாளெண்டாலும் பாத்தனீங்களோ எண்டு கேக்க வேணும்."

பஞ்சலிங்கம் பம்பைக் கொண்டுபோய்ச் சுவரில் சாத்தினார். சொல்வதென்றால் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட உள்ளே போனார். கோழை என்று நீங்கள் திட்டலாம். நான் தடுக்கமாட்டேன்.

* * *

பலாலி வீதியால் இறங்கிப் பட்டணம் வந்ததும் அவரை விசாரணை நடக்கிற பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, அருந்ததி பிள்ளைகளைக் கூட்டிவரக் குருநகருக்குப் போனாள். மாதா கோயிலடியில் எல்லோரும் வெள்ளைச் சட்டையோடு நின்றார்கள். யசிந்தாவை மட்டும் காணவில்லை.

யசிந்தாவின் தாய் லூர்த்தம்மா வாசலுக்கு ஓடி வந்தாள்.

"விடியப் பூசைக்கெண்டு போனவள், ரீச்சர். இன்னும் வரேல்லை. நேரை உங்கடை விசாரணைக்கு வருவாளாக்கும்."

"நேற்று எப்பிடி இருந்தவள்?"

"என்னத்தைச் சொல்ல? ஒரு கிழமையாச் சோறு இறங்கேல்லை. தண்ணி அள்ளப் போனால், 'பாத்தெழுதின பெட்டையள்' எண்டு பின்னாலை சொல்லிச் சிரிக்கினம். தேப்பன் ஒரு சொல்லுக் கேக்கேல்லை. கேட்டு ஏசியிருந்தாலும் அவளுக்கு ஆறியிருக்கும். பின்னேரம் முழுக்க அந்தப் பெட்டையளைக் கூட்டி வைச்சு என்னவோ படிப்பிச்சுக்கொண்டு இருந்தவள்." லூர்த்தம்மா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "நான் படிக்காதனான், ரீச்சர். ஒண்டு கேக்கிறன். அதுகள் பங்கு பிரிச்சது பிழையோ?"

"பிரிச்ச முறை சரி, அம்மா. ஆனால் கேள்வியிலை 'தமக்குள்' எண்டு ஒரு சொல்லுக் கிடந்தது. அப்பிடி எண்டால் அந்த நாலு ஆக்களுக்கை மட்டும்தான். வீட்டுக் கணக்கை வகுப்புக்குக் கொண்டுவரச் சொன்னது நான். இப்பிடி ஒரு சொல்லு வந்தால் நிண்டு பாக்க வேணும் எண்டு சொல்லாமல் விட்டதும் நான்தான்."

லூர்த்தம்மாவுக்கு அது விளங்கியதோ தெரியாது. "மாதா காப்பாத்துவா. போட்டு வாங்கோ, ரீச்சர்," என்றாள்.

* * *

விசாரணை நடந்த அறையில் ஷெல் விழுந்து ஓடு போன பக்கத்துக்குத் தறப்பாள் கட்டியிருந்தார்கள். விசாரிக்க வந்த நமசிவாயம் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். கெட்டவரல்ல. வெயிலில் வந்த பிள்ளைகளுக்கு முதலில் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இந்த அத்தியாயம் இலகுவாக இருந்திருக்கும்.

"ஒவ்வொருத்தராக் கூப்பிடுறன், ரீச்சர். நீங்களும் இருங்கோ. ஆனால் வாய் திறக்கக்கூடாது."

முதலில் யோசப்பின் என்கிறவள் வந்தாள். முன்பெல்லாம் கடைசி வாங்கில் பயந்து கிடந்த பிள்ளை. நமசிவாயம் கேள்வியை வாசித்தார்.

"எட்டில் ஒண்டு, சேர்."

அருந்ததி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் எட்டு?"

"'தமக்குள்' எண்டு கிடக்கு, சேர். அப்ப வள்ளத்தையும் வலையையும் விட வேணும். நாலில் ஒண்டு, அதிலை பாதி."

அடுத்தவளும் எட்டில் ஒன்று என்றாள். அதற்கடுத்தவளும் அதையே சொன்னாள். ஒரு பிள்ளைகூடத் தடுமாறவில்லை. அருந்ததிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவள் சொல்லிக்கொடுக்காமல், அவர்களாகவே கூடியிருந்து பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறார்கள். அவள் கம்பஸில் பக்கம் பக்கமாக எழுதியது இப்போது கண்முன்னே நடந்துகொண்டிருந்தது. அந்த ஒரு நிமிடம் மட்டும்தான் அவள் அன்றைக்குச் சந்தோசப்பட்டாள்.

நமசிவாயம் யோசப்பினைத் திரும்பக் கூப்பிட்டார்.

"இண்டைக்கு எல்லாரும் சரியாச் சொல்லுறியள், பிள்ளை. நல்லது. ஆர் சொல்லிக் குடுத்தது?"

"யசிந்தா, சேர்."

"அப்ப, அந்த 'வள்ளத்துக்கு ஒண்டு, வலைக்கு ஒண்டு' எண்டதை ஆர் சொல்லிக் குடுத்தது?"

"அதுவும் யசிந்தாதான், சேர். எல்லாக் கணக்கும் எங்களுக்கு அவள்தான் சொல்லிக் குடுக்கிறவள்."

யோசப்பின் அதைப் பெருமையோடுதான் சொன்னாள். எங்கள் தமிழில் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது அந்தப் பிள்ளையின் நினைவில் இல்லை. வகுப்பில் சொல்லிக் கொடுத்தால் அது படிப்பித்தல். பரீட்சை மண்டபத்தில் சொல்லிக் கொடுத்தால் அது களவு. யோசப்பின் முதலாவதைச் சொன்னாள். நமசிவாயம் இரண்டாவதை எழுதிக்கொண்டார்.

"சேர், அது அப்பிடியில்லை," என்று அருந்ததி எழும்பிவிட்டாள். "சொல்லிக் குடுத்தது எண்டால் படிப்பிச்சது."

"படிப்பிக்கிறது நீங்களெல்லோ, ரீச்சர்?"

"நான் மட்டுமில்லை. பிள்ளையள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் குடுத்துத்தான் படிக்கிறவை. என்ரை வகுப்பே அப்பிடித்தான்."

"அதைத்தானே நானும் எழுதுறன்," என்றார் நமசிவாயம்.

அப்போது வெளியே நின்ற பஞ்சலிங்கம் உள்ளே வந்தார். அறைக்குக் கதவு இல்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.

"சேர், அந்த முறைப்பாட்டை எழுதினது நான். நான் பிழையா விளங்கிக்கொண்டு எழுதிப்போட்டன். அதுகள் பாத்தெழுதேல்லை. குருநகரிலை ஆரைக் கேட்டாலும் அந்த விடையைத்தான் சொல்லுவினம். நான் அதைத் திரும்ப எடுக்கிறன்."

நமசிவாயம் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் ரீச்சருக்கு என்ன முறை?"

"நான் அவவின்ரை மனுசன்."

"பிறகென்ன கதை, மாஸ்டர்? பேர் தெரியாத பிள்ளையளைப் பற்றி நீங்கள் எழுதினதை நம்பலாம். மனுசியின்ரை பிள்ளையள் எண்டு தெரிஞ்சாப்பிறகு சொல்லுறதை நான் என்னெண்டு எழுதுறது? ஆர் நம்புவினம்?"

அருந்ததி கணவரைப் பார்த்தபடி நின்றாள். கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். அவள் கத்தவில்லை.

"நான் உங்களுக்குச் சொன்னனான்," என்றாள். "வள்ளத்துக்கும் வலைக்கும் பங்கு வைக்கிற கதை. சாப்பிடேக்கை எத்தினை தரம் சொன்னனான். யசிந்தா கோடு கீறிக் காட்டினதெண்டும் சொன்னனான்."

"சொன்னனீர்."

"கேட்டனீங்களோ?"

பஞ்சலிங்கம் தலையைக் குனிந்தார். "கேக்கேல்லை," என்றார்.

எத்தனை வீடுகளில் எத்தனை பெண்கள் தினமும் சோறு போட்டுக்கொண்டே சொல்கிற கதைகள் இப்படிப் போகின்றன. பெரும்பாலும் அதனால் ஒருவருக்கும் கேடு வருவதில்லை. இந்த வீட்டில் வந்துவிட்டது.

நமசிவாயம் பிள்ளைகளை வெளியே அனுப்பினார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"ரீச்சர், நான் உங்களுக்கு நல்லதுதான் செய்யப் பாக்கிறன். சொல்லிக் குடுத்த பிள்ளையின்ரை பேர் கிடைச்சிட்டுது. மற்றவை தெரியாமல் அவளைப் பின்பற்றினவை எண்டு எழுதினால், அவையின்ரை பெறுபேற்றை விடுவினம். ஒரு பிள்ளைதான் போகும். அவள் இண்டைக்கு வராததும் அவளுக்கு எதிராத்தான் நிக்குது."

"என்ரை பேரை எழுதுங்கோ. நான்தான் சொல்லிக் குடுத்தனான் எண்டு எழுதுங்கோ."

"எழுதலாம். அப்ப முழு வகுப்பும் பழுது. எல்லாப் பிள்ளையளும் போகும். யோசிச்சுச் சொல்லுங்கோ. நான் பொறுக்கிறன்."

வெளியே பிள்ளைகள் வேப்பமரத்தடியில் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றார்கள். யோசப்பினின் தமையன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். இன்னொருத்திக்குத் தாயில்லை. ஒவ்வொருத்திக்கும் இந்தக் கணிதப் பாஸ் ஒன்றுதான் கரையேற வழி.

அருந்ததி வாய் திறக்கவில்லை. நமசிவாயம் கொஞ்சம் பார்த்திருந்துவிட்டு எழுதத் தொடங்கினார். அந்த மௌனத்துக்காக அவள் தன்னை மன்னிக்கப்போவதில்லை. மன்னித்துக்கொள் என்று அவளுக்குச் சொல்ல எனக்கும் துணிவில்லை.

* * *

பெறுபேற்றை விடுவார்கள் என்று சொல்லி நமசிவாயம் பிள்ளைகளை முன்னமே அனுப்பிவிட்டார். கணவர் பின்னால் கூப்பிடக் கூப்பிட அருந்ததி சைக்கிளை எடுத்துக்கொண்டு குருநகருக்கு வந்துவிட்டாள். லூர்த்தம்மா ஒழுங்கை முகப்பிலேயே நின்றாள். செருப்பில்லை, தலைமயிர் அவிழ்ந்து கிடந்தது.

"ரீச்சர், பிள்ளை இயக்கத்திலை சேரப் போட்டாள்!"

"ஆர் சொன்னது?"

"செபஸ்தியம்மா கண்டிருக்கிறாள். பூசை முடிஞ்ச கையோடை முகாமுக்குள்ளை போனவளாம். நான் ஓடிப்போய்க் கேட்டனான். பேர் குடுத்தாச்சு, வீட்டை போங்கோ அம்மா எண்டினம்." அவள் அருந்ததியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அந்த அவமானத்திலைதான் போனவள், ரீச்சர். வேறை ஒண்டுமில்லை. பாஸ் எண்டு நீங்கள் வந்து ஒரு சொல்லுச் சொன்னால் வந்திடுவாள். உங்கடை சொல்லைத் தட்டமாட்டாள். யோசப்பின் சிரிச்சுக்கொண்டு போறாள், கண்டனான். எல்லாம் சரிவந்திட்டுதுதானே?"

இதற்கு முன் அருந்ததி பிள்ளைகளிடமோ தாய்மாரிடமோ பொய் சொன்னதில்லை.

"ஓம், அம்மா. ஏறுங்கோ," என்றாள்.

லூர்த்தம்மாவைப் பின்கரியரில் ஏற்றிக்கொண்டு மிதித்தாள். எந்த முகாம், எந்த ஒழுங்கை என்று நான் எழுதமாட்டேன். உங்களுக்குத் தெரியும். வாசலில் துவக்கோடு காவலுக்கு நின்ற பிள்ளைக்கு யசிந்தாவின் வயதுதான் இருக்கும். மரியாதையாகவே கதைத்தாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இஞ்சை நிப்பா. பிறகு பயிற்சிக்கு அனுப்பிப்போடுவினம். கூப்பிடுறன், கெதியாக் கதைச்சிட்டுப் போங்கோ."

யசிந்தா பூசைக்குப் போட்ட சட்டையோடு வந்தாள். தாயைப் பார்க்கவில்லை. ரீச்சரைத்தான் பார்த்தாள்.

"என்ன நடந்தது, ரீச்சர்?"

"எல்லாருக்கும் விடுகினமாம்."

"யோசப்பினுக்கும்?"

"ஓம்."

யசிந்தாவின் முகம் மலர்ந்தது. "எட்டில் ஒண்டு எண்டு சொன்னவளோ? நேற்றுப் பொழுதுபடுமட்டும் அவளுக்கு விளங்கேல்லை. 'தமக்குள்' எண்டால் வள்ளம் இல்லையடி எண்டு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நொந்துபோச்சு."

"சொன்னவள். வடிவாச் சொன்னவள்."

"அப்ப எனக்கும் பாஸோ, ரீச்சர்?"

"ஓம், உனக்கும்தான்," என்றாள் அருந்ததி.

யசிந்தா அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வகுப்பில் விடை சரியா பிழையா என்று ரீச்சர் ஒருநாளும் உடனே சொல்வதில்லை. முகத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள். அதில் யசிந்தாவை வெல்ல ஆளில்லை.

"ஆர் சொல்லிக் குடுத்ததெண்டு கேக்கேல்லையோ?"

அருந்ததி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கேட்டிருப்பினம்," என்றாள் யசிந்தா மெதுவாக. "பரவாயில்லை, ரீச்சர். மற்றவைக்கு விட்டாச்சுத்தானே."

"பிள்ளை, நில். நான் இன்னும் எழுதுவன், ஆரையாவது போய்க் காணுவன்..."

"அம்மாவைக் கவனமாக் கூட்டிக்கொண்டு போங்கோ."

அவள் தாயின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிவிட்டு, திரும்பி நடந்தாள். துவக்கு வைத்திருந்த பிள்ளை படலையைச் சாத்தினாள்.

லூர்த்தம்மா படலையையும் அருந்ததியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாஸ் எண்டு சொன்னனீங்கள்தானே, ரீச்சர்?" என்றாள். "பிறகேன் பிள்ளை உள்ளுக்குப் போறாள்?"